எஞ்சின் ஆர்சி கார், டிரக் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓட்டும் மாடல் கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். எஞ்சினில் ஓடும் வண்டியைப் பொறுத்தவரை அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பெட்டியின் மேல் எந்த வேகத்தை அச்சடித்திருந்தாலும் சரி, முதல் இரண்டு மாதம் அந்த வண்டியை ஓட்டும் நேரத்தைவிட அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, ஏர் ஃபில்டரைக் கழுவுவது, கார்ப்பரேட்டர் திருகை இம்மி இம்மியாகத் திருப்பி எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்றால், சூடேறிய எஞ்சின் சீறிக்கொண்டு கிளம்பும் அந்தச் சத்தத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. பிடிக்காது என்றால் பேட்டரியில் ஓடும் நல்ல மோட்டார் வண்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய பிரஷ்லெஸ் மோட்டார் வண்டிகள் வேகத்தில் எஞ்சின் வண்டிக்குக் கொஞ்சமும் இளைத்தவை அல்ல.

ஆகவே, எந்த எரிபொருளை உங்களால் தொடர்ந்து வாங்க முடியும், எந்த ஸ்பேர் கைக்குக் கிடைக்கும், எவ்வளவு பராமரிப்பு வேலையை நீங்கள் மனதாரச் செய்வீர்கள் என்ற மூன்றையும் வைத்துத்தான் நான் வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டதுதான்.

முதல் படி: நைட்ரோவா, பெட்ரோலா?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "கேஸ் ஆர்சி கார்" என்று பலரும் சொல்வார்கள். சிலிண்டரில் வரும் கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்க வழக்கில் கேஸ் என்றால் பெட்ரோல். ஆனால் அந்த ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு வகை வண்டிகள் விற்கின்றன. ஒன்று நைட்ரோ, இன்னொன்று நிஜமாகவே பெட்ரோலில் ஓடுவது. நைட்ரோ வண்டியின் டேங்கில் பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் ஓடாது. பெட்ரோலில் நைட்ரோ எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயும் இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர், சிலிக்கான் பாகங்களையும் அது கெடுத்துவிடும். புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

நைட்ரோ எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. கார்களுக்கான கேன்களில் பொதுவாக 16, 20, 25, 30 சதவீதம் என்று நைட்ரோவின் அளவைப் போட்டிருப்பார்கள். நைட்ரோமீத்தேன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.5 பங்கு போதும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 பங்கே போதும். அதனால் அதே சின்ன சிலிண்டருக்குள் அதிக எரிபொருளை எரிக்கலாம். விரல் நீள எஞ்சினுக்கு அவ்வளவு பலம் வருவது இப்படித்தான். டேங்க் சீக்கிரம் காலியாவதும் இதனால்தான்.

நைட்ரோ எஞ்சினில் தீப்பொறி கிடையாது. குளோ பிளக் என்ற சின்ன பிளக்கில் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் அளவுக்குக் கரன்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அந்தக் கரன்டைக் கொடுக்கும் இக்னைட்டரை எடுத்துவிடலாம். பிளாட்டினமும் மெத்தனால் ஆவியும் சேரும்போது நடக்கும் வேதிவினையும் சிலிண்டரின் சூடும் சேர்ந்து சுருளைச் சிவப்பாகவே வைத்திருக்கும்.

பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் 1/5 அளவில், அதாவது நிஜ வண்டியின் ஐந்தில் ஒரு பங்காக வருகின்றன. 23 முதல் 32 சிசி வரையிலான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஸ்பார்க் பிளக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் அமைப்பு. புல் வெட்டும் இயந்திரத்தில் இருக்கும் எஞ்சினின் உறவு என்றே சொல்லலாம். சாதாரண பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலந்தால் போதும். 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 32-க்கு 1 என்றால் 31 மில்லி. எந்த விகிதம் என்பதை எஞ்சினின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், ஊகித்து ஊற்றாதீர்கள். டியூனிங் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் நாள் கணக்கில் தொட வேண்டியதில்லை. ஒரு டேங்கில் அரை மணி நேரமும் அதற்கு மேலும் ஓடும். நைட்ரோ வண்டியில் ஒரு டேங்க் பத்து நிமிடத்தைத் தாண்டினாலே நல்ல ஓட்டம்.

அப்படியானால் எல்லோரும் பெட்ரோலுக்கே போய்விடலாமே என்று தோன்றும். வாங்கும் விலை அதிகம். எடை பத்து கிலோவில் தொடங்கி மேலே போகும். அந்த எடை வேகமெடுத்து ஒருவரின் காலில் மோதினால் எலும்பு உடையும். திறந்த பெரிய மைதானம் இல்லாமல் அதை ஓட்டவே கூடாது. நைட்ரோ வண்டி சிறியது, இடம் குறைவாகப் போதும், வாங்கும் செலவும் குறைவு. ஆனால் எரிபொருள் விலை அதிகம், டியூனிங்கும் ஓயாத வேலை.

எரிபொருளைப் பற்றி இன்னொன்று. நைட்ரோ கலவை எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் பல இடங்களில் அதைச் சாதாரணப் பார்சலில் அனுப்ப மாட்டார்கள். நைட்ரோமீத்தேனுக்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் அமலில் உள்ள விதிப்படி 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்களுக்குத் தாராளமாக விற்க முடியாது. வண்டிக்குப் பணம் கொடுக்கும் முன்பே, மாதாமாதம் எரிபொருள் எங்கிருந்து வரும் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். விமானம், ஹெலிகாப்டர் மாடல்களுக்கான கலவை கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் எண்ணெயின் அளவும் வகையும் வேறு. உங்கள் எஞ்சின் கையேடு சொல்லும் கலவையோடு பொருந்த வேண்டும்.

இரண்டாம் படி: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

வண்டியின் உருவத்தைத் தீர்மானிப்பது தரைதான்.

மட்டமான தார்த் தரை, கான்கிரீட் தளம் என்றால் டூரிங் கார். தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். ஒரு கூழாங்கல் போதும், தூக்கி எறிந்துவிடும். இப்படிப்பட்ட தளம் நிரந்தரமாகக் கிடைப்பவர்கள் மட்டும் இதைப் பாருங்கள்.

மண் தரை, மேடு பள்ளம், தாவல்கள் என்றால் பக்கி. 1/8 பக்கிதான் மண் தடப் பந்தயங்களின் முதுகெலும்பு. நான்கு சக்கரத்துக்கும் இழுவை, முன்னே நடுவே பின்னே என மூன்று டிஃபரென்ஷியல், தரையோடு ஒட்டிய உடல். பக்கியின் சேஸிஸையே கொஞ்சம் நீட்டி, பெரிய சக்கரம் மாட்டினால் அது டிரகி. கரடுமுரடான தரையில் பக்கியைவிட நிதானமாகப் போகும்.

உயரமான புல், சரளைக்கல், கட்டிட வேலை நடந்து முடிந்த காலி இடம் என்றால் மான்ஸ்டர் டிரக். 1999-ல் வந்த டிராக்ஸஸ் டி-மேக்ஸ் இந்த வகையைப் பரவலாக்கியது. அடுத்து எச்பிஐ சாவேஜ் போன்றவை வந்தன. எங்கே விட்டாலும் ஏறி இறங்கும், கவிழ்ந்து எழும். ஆனால் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால் வளைவில் வேகமாகத் திருப்பினால் உருண்டுவிடும். ஷார்ட் கோர்ஸ் டிரக் இவற்றுக்கு நடுவில். சக்கரத்தை மூடிய அகலமான பாடி, பல பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினாலும் சக்கரத்தோடு சக்கரம் சிக்காது.

என்னிடம் யாராவது ஒரே ஒரு வண்டி சொல்லுங்கள் என்றால் 1/8 பக்கி அல்லது டிரகியைத்தான் சொல்வேன். பந்தயத்துக்காகவே உருவான வகை என்பதால் பாகங்கள் கனமானவை, கழற்றி மாட்ட எளிதானவை. இதே அளவில் பல கம்பெனிகளின் சக்கரமும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சக்கர நட்டு 17 மில்லிமீட்டர் என்பதுகூட ஏறக்குறைய எல்லோருக்கும் பொது.

மூன்றாம் படி: அளவும் எஞ்சினும்

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 1/10 என்றால் நிஜ வண்டியின் பத்தில் ஒரு பங்கு. எண் சிறிதானால் வண்டி பெரிது. 1/10 வண்டியைப் பையில் வைத்து எடுத்துப் போகலாம், ஆனால் எஞ்சின் சிறியது, பாகங்கள் மெல்லியவை. 1/8 ஏறக்குறைய அரை மீட்டர் நீளம், மூன்றரை கிலோ அளவு எடை. 1/5 வண்டியைத் தூக்க ஒரு ஆளும், ஏற்றிப் போகக் காரின் டிக்கியும் வேண்டும்.

எஞ்சின் அளவுதான் புதியவர்களைக் குழப்பும். "21 எஞ்சின்" என்று சொன்னால் 21 சிசி என்று நினைத்துவிடாதீர்கள். அது கன அங்குலத்தில் 0.21. ஒரு கன அங்குலம் 16.39 சிசி. பெருக்கிப் பார்த்தால் 3.44, அதாவது மூன்றரை சிசி. அதேபோல 12 எஞ்சின் ஏறக்குறைய 2 சிசி, 15 எஞ்சின் இரண்டரை சிசி, 18 எஞ்சின் 3 சிசி, 28 எஞ்சின் 4.6 சிசி. 1/10 வண்டிகளில் 12, 15, 18 வரும். 1/8 பக்கியில் 21, கனமான மான்ஸ்டர் டிரக்குகளில் 28 வரை போகும்.

பெரிய எஞ்சினாக மாட்டினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். வண்டியின் டிஃப் (டிஃபரென்ஷியல்), டிரைவ் ஷாஃப்ட், கிளட்ச் எல்லாம் ஓர் அளவு பலத்துக்காகச் செய்தவை. 15 எஞ்சினுக்கான வண்டியில் 21-ஐத் திணித்தால் எஞ்சின் நன்றாக இருக்கும், வாரம் ஒரு கியர் பல் உதிரும்.

எஞ்சினைப் பார்க்கும்போது நான் மூன்று விஷயங்களைக் கேட்பேன். ஒன்று, பிஸ்டனும், அது ஏறி இறங்கும் உள்குழாயான ஸ்லீவும் எந்த உலோகம்? நல்ல நைட்ரோ எஞ்சின்களில் அலுமினியம் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ். பிஸ்டன் ரிங் கிடையாது. ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே வரும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம்தான் கம்ப்ரஷன். எஞ்சின் சூடானதும் பித்தளை விரிந்து அளவு சரியாக அமையும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதி விஷயங்கள் தானாகப் புரியும்.

இரண்டு, எப்படி ஸ்டார்ட் செய்வது? கயிறு இழுக்கும் வகை எளிது, கூடுதல் கருவி வேண்டாம். சில வண்டிகளில் பேட்டரி மோட்டாரை எஞ்சினின் பின்னால் செருகி அழுத்தினால் போதும். பந்தய எஞ்சின்களுக்கு ஸ்டார்ட்டர் பாக்ஸ் வேண்டும். வண்டியை அதன் மேல் வைத்து அழுத்தினால் ரப்பர் சக்கரம் ஃப்ளைவீலைச் சுழற்றும். முதல் வண்டிக்குக் கயிறோ மின் ஸ்டார்ட்டரோ போதும். கயிறு என்றால் ஒரு எச்சரிக்கை: முழு நீளத்துக்கும் இழுக்காதீர்கள், உள்ளே இருக்கும் சுருள் தெறித்துவிடும். ஒரு முழம் அளவுக்குச் சின்னச் சின்ன வெட்டுகளாக இழுங்கள். திடீரென்று கயிறு கல்லாக இறுகி வரவே வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். சிலிண்டரில் எரிபொருள் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, மெதுவாக நாலு தடவை இழுத்தால் வெளியே கொட்டிவிடும்.

மூன்று, அந்த எஞ்சினுக்குத் தனியாகப் பிஸ்டன்–ஸ்லீவ் செட், கனெக்டிங் ராட், பேரிங் விற்கிறார்களா? ஜப்பானின் ஓஎஸ் போன்ற பழைய கம்பெனிகளுக்கு, அது 1936-ல் ஒசாகாவில் தொடங்கியது, மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சின் தேய்ந்தால் பாகம் மாற்றலாம். பெயரில்லாத எஞ்சின் தேய்ந்தால் அதைக் குப்பையில்தான் போட வேண்டும்.

நான்காம் படி: ஸ்பேர் கிடைக்குமா?

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். எஞ்சின் வண்டி உடையும். ஓட்டத் தெரிந்தவர் கையிலும் உடையும். முதலில் போவது சஸ்பென்ஷன் ஆர்ம், அடுத்து ஸ்டியரிங் நக்கிள், பிறகு கிளட்ச் பெல்லில் இருக்கும் பேரிங்குகள்.

வாங்க நினைக்கும் மாடலின் பெயரை எடுத்துக்கொண்டு, உங்களுக்குக் கிடைக்கும் கடைகளில் ஐந்து பொருட்களைத் தேடுங்கள்: முன் கீழ் ஆர்ம், ஸ்பர் கியர், கிளட்ச் ஷூ, டிஃப் கியர், டிரைவ் ஷாஃப்ட். ஐந்தும் இருப்பில் இருந்தால் வண்டியை நம்பி வாங்கலாம். மூன்று இருந்தால் யோசியுங்கள். ஒன்றுமில்லை என்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் ஆர்முக்காக ஆறு வாரம் அலமாரியில் கிடக்கும் வண்டியைப் பார்க்கும் வருத்தம் எனக்குத் தெரியும்.

உங்களுக்குப் பக்கத்தில் யாராவது ஏற்கெனவே ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். அவர்கள் ஓட்டும் அதே மாடலை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. ஓட்டும் இடத்தில் ஒரு பாகம் உடைந்தால் அவர் பெட்டியில் இருக்கும், டியூனிங் புரியாவிட்டால் அவர் காதும் உதவும்.

ஐந்தாம் படி: ரெடிமேடா, கிட்டா?

பெட்டியைத் திறந்ததும் ஓட்டத் தயாராக வருவதை ஆர்டிஆர் என்பார்கள். கிட் என்றால் எஞ்சினும் ரேடியோவும் இல்லாமல், பாகம் பாகமாக வரும். நீங்களே கோக்க வேண்டும். முதல் வண்டிக்கு ஆர்டிஆர் வாங்குங்கள். ஆனால் வாங்கி வந்ததும் ஒரு மாலை முழுவதும் அதற்கென ஒதுக்கி ஒவ்வொரு திருகையும் சோதியுங்கள். உலோகத்தில் ஏறும் திருகு ஒவ்வொன்றையும் கழற்றி, திருகு கழலாமல் பிடிக்கும் திரெட்லாக் பசை ஒரு துளி இட்டு மறுபடி இறுக்குங்கள். எஞ்சின் அதிர்வு அப்படி. ஃபாக்டரியில் இறுக்கியதை நம்பிப் போன முதல் நாளே எஞ்சின் மவுன்ட் திருகு கழன்று ஸ்பர் கியரின் பல் மழமழவென்று ஆகிவிடும்.

ஆறாம் படி: ரேடியோவும் ஃபெயில்சேஃபும்

மோட்டார் வண்டியில் பேட்டரி தீர்ந்தால் வண்டி நிற்கும். எஞ்சின் வண்டியில், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் பேட்டரி தீர்ந்தால், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் (throttle) எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். இதனால்தான் ஃபெயில்சேஃப் இல்லாத எஞ்சின் வண்டியை வாங்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். சிக்னல் போனாலோ, பேட்டரி இறங்கினாலோ திராட்டிலை இயக்கும் சின்ன மோட்டாரான சர்வோவைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் வேலை அதனுடையது.

இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் பலவற்றில் இது உள்ளேயே இருக்கிறது, ஆனால் நீங்கள்தான் செட் செய்ய வேண்டும். சோதிக்கும் முறை எளிது. எஞ்சின் ஓடாத நிலையில் வண்டியையும் ரிமோட்டையும் ஆன் செய்யுங்கள். திராட்டிலை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டே ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். சர்வோ பிரேக் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் அன்று ஓட்டாதீர்கள். கார்ப்பரேட்டரை மூடும் பக்கமாக இழுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங்கையும் மாட்டிவிடுங்கள். சர்வோவையும் கார்ப்பரேட்டரையும் இணைக்கும் லிங்கேஜ் கம்பி கழன்றாலும் அது காப்பாற்றும். ரிசீவருக்கு நாலு பென்சில் பேட்டரிக்குப் பதில் 6 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் போடுவது நல்லது. ஆன் செய்யும்போது முதலில் ரிமோட், பிறகு வண்டி. ஆஃப் செய்யும்போது முதலில் வண்டி, பிறகு ரிமோட்.

1/5 பெட்ரோல் வண்டி என்றால் ரிமோட்டிலிருந்தே இக்னிஷனை வெட்டும் கில் சுவிட்சும் கட்டாயம்.

ஏழாம் படி: பழைய வண்டி வாங்குவதாக இருந்தால்

பழையது மலிவாகக் கிடைக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். விற்றவர் என் கண் முன்னால் கயிறை இழுத்தார், இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். நானும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு டேங்க் முழுதாக ஓட்டினேன், எஞ்சின் சூடானதும் நின்றது. அதன் பிறகு எவ்வளவு இழுத்தாலும் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டு இழுத்தால் மறுபடி உடனே பிடித்தது. சூடானதும் மறுபடி நின்றது.

காரணம் ஸ்லீவ். தேய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் கொஞ்சம் கம்ப்ரஷன் இருக்கும். சூடேறிப் பித்தளை விரிந்ததும் பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் இடைவெளி வந்து அந்தக் கம்ப்ரஷனும் போய்விடும். அதனால் பழைய வண்டியைப் பார்க்கும்போது ஒரு டேங்க் முழுவதும் ஓட்டச் சொல்லுங்கள். நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் நல்ல எஞ்சினா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரியும்.

அதற்கும் முன்பு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கட்டைவிரலால் மெதுவாகச் சுழற்றுங்கள். பிஸ்டன் உச்சியை நெருங்கும் இடத்தில் ஒரு பிடிப்பு வரும். புதிய எஞ்சினில் அந்த இடத்தில் விரலால் தள்ளவே முடியாது. நடுத்தர வயது எஞ்சினில் ஒரு தயக்கம் தெரியும். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் பிஸ்டன்–ஸ்லீவ் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அதோடு ஃப்ளைவீலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முன் பேரிங் போய்விட்டது.

கழற்றிய பிளக்கையும் பாருங்கள். சுருள் ஈரமாக, பளபளப்பாக, வட்டம் கலையாமல் இருந்தால் எஞ்சினை ஒழுங்காக ஓட்டியிருக்கிறார்கள். சாம்பல் நிறமாகி நெளிந்திருந்தால் எரிபொருள் குறைவான கலவையில் எஞ்சினைக் காய்ச்சி எடுத்திருக்கிறார்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்ப்பரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் மண் நெருடினால், அடுத்த வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடலாம். அந்த மண் உள்ளே போய் ஸ்லீவை உரசியிருக்கும்.

மற்றதைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். சேஸிஸை மட்டமான தரையில் வைத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகுகிறதா, திருகுகளின் தலை மழுங்கியிருக்கிறதா, டிஃபின் இருபுறமும் நீட்டியிருக்கும் அவுட்டிரைவ்கள் வழவழப்பாகச் சுற்றுகின்றனவா என்பதும் போதும்.

எட்டாம் படி: வண்டியோடு சேர்த்து வாங்க வேண்டியவை

வண்டி விலையை மட்டும் கணக்குப் போட்டுப் போகாதீர்கள். நைட்ரோ என்றால் எரிபொருள், ஊற்றுவதற்கான பாட்டில், இரண்டு மூன்று உபரி குளோ பிளக், இக்னைட்டர், பிளக் சாவி, நல்ல ஹெக்ஸ் டிரைவர்கள், ஏர் ஃபில்டர் எண்ணெய், வெப்பநிலை பார்க்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர், எஞ்சினை அணைத்த பிறகு ஊற்றும் ஆஃப்டர்-ரன் எண்ணெய் எல்லாம் வேண்டும். ஹெக்ஸ் டிரைவரில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். மலிவான டிரைவரின் முனை உருண்டு, திருகின் தலையையும் சேர்த்து உருட்டிவிடும். அப்புறம் ஒவ்வொரு திருகையும் துளை போட்டு எடுக்க வேண்டும்.

மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மூடியை இறுக்கி மூடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எரிபொருள் சிந்தியிருந்தால் துடைத்து உலரவிட்ட பிறகுதான் இக்னைட்டரைத் தொட வேண்டும். திறந்த வெளியில் மட்டும் ஓட்டுங்கள், மூடிய கேரேஜில் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அங்கே தேங்கும்.

ஒன்பதாம் படி: முதல் டேங்குகள்

தேர்வு சரியாக இருந்தும் முதல் நாளிலேயே எஞ்சினைக் கெடுப்பவர்கள் உண்டு. புதிய எஞ்சினின் ஸ்லீவ் இறுக்கமாக இருப்பதால், குளிர்ந்த நிலையில் அடித்து ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடுக்குத்தான் அடி விழும். ஹேர் டிரையரால் எஞ்சின் தலையைச் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்வது நல்ல வழக்கம். பிறகு கலவையை ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக வைத்து, பாதி திராட்டிலுக்கு மேல் போகாமல் மெதுவாக நாலைந்து டேங்க் ஓட்டுங்கள். ஒவ்வொரு டேங்குக்கும் நடுவில் முழுதாக ஆறவிடுங்கள். ஆறும்போது ஃப்ளைவீலைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து வையுங்கள். உச்சியில் நின்றால் சுருங்கும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும்.

டியூனிங்குக்கு இரண்டு முக்கியத் திருகுகள்: முழு வேகத்துக்கு ஹை ஸ்பீடு நீடில், தொடக்க வேகத்துக்கு லோ ஸ்பீடு நீடில். வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும், அது லீன். இடப்பக்கம் திருப்பினால் கூடும், அது ரிச். கடிகாரத்தில் ஒரு மணி நேரம் நகரும் அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். திருப்பிய பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய நீலப் புகை ஒரு கோடாக வர வேண்டும். புகையே இல்லை, சத்தம் மட்டும் கூர்மையாக ஏறுகிறது என்றால் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் எரிகிறது என்று பொருள். அந்த வேகம் ரொம்ப நன்றாக இருக்கும், அதில்தான் ஆபத்து. உடனே நிறுத்தி ரிச் பக்கம் திருப்புங்கள்.

பிளக் இருக்கும் இடத்தில் தெர்மாமீட்டர் பிடித்தால் 95 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை பெரும்பாலான எஞ்சின்களுக்குச் சரி. தெர்மாமீட்டர் இல்லாத நாளில் எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். சொட்டு மூன்று நாலு விநாடி கொதித்து மறைந்தால் சரியான சூடு. விட்டதும் தெறித்து ஓடிவிட்டால் அதிகச் சூடு. சும்மா உட்கார்ந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தால் ரொம்ப ரிச்.

எஞ்சினை அவசரமாக அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும். புகை வெளியேறும் பைப்பின் வாயைக் கெட்டியான துணியால் அடைத்தால் நின்றுவிடும். கை சுடும், ஆகவே ஒரு துணி எப்போதும் இடுப்பில் இருக்கட்டும்.

அன்றைய ஓட்டம் முடிந்ததும் டேங்கில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். மெத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், உள்ளே விட்டுவைத்தால் பேரிங் துருப்பிடிக்கும். பிளக்கைக் கழற்றி, அங்கேயும் கார்ப்பரேட்டரிலும் சில சொட்டு ஆஃப்டர்-ரன் எண்ணெய் விட்டு, ஸ்டார்ட்டரை நாலு தடவை சுழற்றுங்கள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, நிழலில் காயவைத்து, புது எண்ணெயில் பிசைந்து பிழிந்து மாட்டுங்கள். ஓட்டம் முடிந்து கை முழுக்க எண்ணெய் மணக்க இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, அடுத்த வாரம் எந்த ஸ்பிரிங்கை மாற்றிப் பார்க்கலாம் என்று மனம் ஓட ஆரம்பித்துவிடும்.